இருபத்தேழாம் தட்டு

உறவு வாக்குமூலத்துக்கென்று ஆய்வகத்தில் ஒரு படிவம் தருகிறார்கள். அரைப் பக்கம்தான். ‘தட்டின் உரியவருக்கும் எழுதுபவருக்கும் உள்ள உறவைத் தன் கைப்பட எழுதுக’ என்று மேலே அச்சிட்டிருக்கிறது. கீழே ஏழு கோடுகள். ஏழு கோட்டில் என் விஷயம் அடங்காது என்று சொல்லி வெள்ளைத்தாள் கேட்டேன்.

“ஐயா, எல்லாரும் ஒரு வரிதான் எழுதுவாங்க” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

“எல்லாரும் எழுதுவதை நான் எழுதப்போவதில்லை. தாள் கொடும்மா.”

பத்துத் தாள் கொடுத்தாள். அவளுக்கு நன்றி.

என் பெயர் ஆவுடையப்பன். வயது எழுபத்திரண்டு. ஊர் பாளையங்கோட்டை. முப்பத்தொரு ஆண்டுகள் பதிவுத் துறையில் இருந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். கையெழுத்தைப் பார்த்தே எழுதியவன் நடுங்கினானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். கடைசிப் பத்தாண்டுகளில் இயந்திரங்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. அப்போதும் சந்தேகம் வந்த பத்திரங்களை என் மேசைக்குத்தான் அனுப்பினார்கள். பொய்யான ஆவணம் எதுவும் எனக்குத் தெரிந்து என் மேசையைக் கடந்ததில்லை. தெரிந்தே பொய்யாக எழுதப்பட்ட இரண்டு தாள்கள் மட்டும் என் கையைத் தொட்டிருக்கின்றன. இரண்டையும் எழுதியவன் நான்.

முதல் தாள், வழிநலப் பத்திரம்.

பிற்பாடு இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் நிச்சய தாம்பூலத்தன்று இரண்டு வீட்டு மூத்தவர்களும் தங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக யார் யாருக்கு என்ன நோய், யார் எதில் இறந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்வது வழக்கமாக இருந்தது. மருத்துவர்கள் கேட்டுக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது. ஒரு துளி ரத்தத்தைச் சோதித்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும் காலம். ஆனால் சம்பந்தி வீட்டில் போய் ரத்தம் கேட்பது மரியாதைக் குறைவு என்று எங்கள் ஊரில் நினைத்தார்கள். கௌரவமான வீடு என்றால் கையெழுத்தே போதும். என் மகள் வடிவாம்பிகைக்கு மாப்பிள்ளை பேசியபோது, பையனின் தகப்பனார் பிரமநாயகம் என்னிடம் சொன்னார்: “உங்க கையெழுத்துக்கு மேல எனக்கு எதுக்குவே டெஸ்ட்டு?”

அந்த வார்த்தையை நான் வெகுநாள் பதக்கம் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

பத்திரத்தில் என் பாட்டனார் காய்ச்சலில் இறந்ததாக எழுதினேன். என் தகப்பனார் வயிற்றுப்புண்ணில். இருவருமே ஐம்பதைத் தாண்டாதவர்கள். இருவருக்குமே குடலில் கட்டி. வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. என் தம்பி கோமதிநாயகத்தின் பெயரைப் பத்திரத்தில் நான் எழுதவே இல்லை. அவன் அப்போது உயிரோடு இருந்தான்.

அவன் தன்னுடன் படித்த ஜெபக்கனி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவர் வேறு சாதி, வேறு மதம். அவரை வெறுக்க இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இருந்ததில்லை. மணம் முடித்த மறுநாள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவர் தலைக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். உள்ளே இலை போட்டிருந்தது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள்.

இரண்டாவது தாள், அவர்களை வாசலில் மறித்துச் சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து எழுதியது. வடிவின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஆய்வகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோமதிநாயகம் என்பவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய்; அது வழிவழியாக வரும் வகை; ரத்த உறவினர்கள் உடனே சோதித்துக்கொள்ள வேண்டும்; அவருடைய கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த பதியன் இங்கே இருபத்தேழாம் தட்டில் காக்கப்படும்; உறவை ஒப்புக்கொண்டால் அதன் விவரம் உங்கள் வீட்டாருக்குத் திறந்திருக்கும். இதுதான் சாரம்.

என் நல்ல பேனாவை எடுத்துப் பதில் எழுதினேன். ‘மேற்படி நபர் எமக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர். இனி இதுகுறித்துத் தொடர்புகொள்ள வேண்டாம்.’ பொய் எழுதுகிறவனுக்குக் கை நடுங்கக் கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நிதானமாகத்தான் எழுதினேன்.

எட்டு மாதத்தில் அவன் இறந்த செய்தி வந்தது. மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் போகவில்லை.

ஒன்பது ஆண்டுகள் போயின. போன வருஷம் மாசி மாதம் வடிவுக்கு வயிற்றுவலி வந்தது. அவள் மின்வாரியத்தில் பொறியாளர். கம்பத்தில் ஏறி இறங்குகிற சூடு என்று நினைத்துக்கொண்டாள். கொலோனோஸ்கோபி செய்தபோது கட்டி பெருங்குடலைத் தாண்டி ஈரல் வரை போயிருந்தது. வயது முப்பத்தேழு. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சிகிச்சைக்காக என் வீட்டுக்கு வந்து தங்கினாள்.

டாக்டர் சபூராவை அப்போதுதான் முதலில் பார்த்தேன். மேலப்பாளையத்துக்காரர். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். அவர் ஆய்வகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறவர்.

“சார் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருந்தவங்கதானே? அப்ப உங்களுக்குச் சொல்லுதது சுலபம்” என்று ஆரம்பித்தார். “உடம்புல ஒவ்வொரு செல்லும் ரெண்டாப் பிரியும்போது பத்திரத்துக்கு நகல் எடுக்குத மாதிரி. நகல்ல தப்பு விழுந்தா சரிபார்க்க உள்ளயே ஒரு ஆள் உண்டு. வடிவுக்குப் பொறப்புலேயே அந்த ஆளுக்குக் கண்ணு மங்கல். தப்பு சேந்துகிட்டே போயிக் கட்டியாயிட்டு.”

“மருந்து?”

“எந்த மருந்து கேக்கும்னு வடிவு உடம்புல போட்டுப் பாக்க வேண்டாம். கட்டியில துளி எடுத்து, ரோசாக் கம்பு நடுத மாதிரி தட்டுல பதியன் போட்டிருக்கோம். கடுகவிடச் சின்னது, ஆயிரம் இருக்கு. எல்லா மருந்தையும் அதுங்க தலையில ஊத்துவோம். எதுக்குச் சுருளுதோ அது வடிவுக்கு.”

“என் பேர்ல ஆயிரம் பேர் கசப்பு மருந்து குடிக்கப் போறாங்க, நான் படுத்திருக்கப் போறேன்” என்றாள் வடிவு. “இப்படி ஒரு ஆபீஸ் எனக்கு அமையலையே டாக்டர்!”

பத்தாம் நாள் ஒரு மருந்துக்குப் பதியன் சுருண்டது. அதையே வடிவுக்குக் கொடுத்தார்கள். ஈரலில் இருந்த கட்டிகள் பாதியாகச் சுருங்கின. எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் மாதம் பதியனில் சில சுருளாமல் நின்றன. அடுத்த ஸ்கேனில் வடிவின் ஈரலிலும் அதே கதை.

டாக்டர் சபூரா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: “மருந்து குடுத்து ஒரு வாசல அடைச்சோம், கட்டி தப்பிக்க இன்னொரு வாசல் கண்டுபிடிச்சிருச்சு. அதையும் அடைச்சா மூணாவது. ஒவ்வொண்ணா அது திறக்கத் திறக்க நாம பின்னாடி ஓடினா எட்டிப் பிடிக்க முடியாது. அடுத்த வாசல் எதுன்னு முன்கூட்டியே தெரியணும். ஒரே குடும்பத்துக் கட்டின்னா ஒரே மாதிரித் தப்பு, வாசலும் அநேகமா அதே வரிசை. நமக்கு முன்னால அந்த வழியில போன உறவுக்காரங்க தட்டு ஒண்ணு வேணும்.”

“எங்க வீட்ல யாருக்கும் கேன்சர் கிடையாது டாக்டர்” என்றாள் வடிவு. “அப்பா பத்திரத்துலயே எழுதிக் கொடுத்திருக்காங்க. எங்கப்பா எழுதினா அது கல்வெட்டு.”

“இருக்கும்மா. உன்னோட கால்வாசி ஒத்துப்போற தட்டு ஒண்ணு இதே கட்டடத்துல ஒம்பது வருஷமா உயிரோட இருக்கு. பூட்டியிருக்கு. கண்டவனும் கண்டவன் குடும்பத்தைத் திறந்து பார்க்கக் கூடாதுன்னு சட்டம். உறவே இல்லன்னு யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது.”

வடிவு என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் நான் வாய் திறக்கவில்லை. அந்த நான்கு நாளை இந்த வாக்குமூலத்தில் ஒளிக்க மாட்டேன். என் மகளின் ஈரலில் ஒன்று வளர்ந்துகொண்டிருக்க, பிரமநாயகம் என்ன நினைப்பார், பேத்தியை நாளைக்கு எந்த வீட்டில் கேட்பார்கள், நான் செத்தபின் என்னை என்னவென்று சொல்வார்கள் என்று நான்கு நாள் யோசித்தேன்.

ஐந்தாம் நாள் காலை அவளுக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

“வடிவு, உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“அம்மா சொல்லியிருக்கா. அவங்க படத்த அரிசி டிரம்முக்குள்ள வச்சிருந்தா. நீங்க ஒரு நாளும் அதத் தொறக்க மாட்டீங்கன்னு அவளுக்குத் தெரியும்லா.”

என் மனைவி போய் ஆறு வருஷமாகிறது. முப்பது ஆண்டுகள் நான் தின்ற சோற்றுக்குள் என் தம்பி இருந்திருக்கிறான்.

“அவன் எதுல செத்தான்னு தெரியுமா?”

“ஹார்ட் அட்டாக்.”

“அது நான் சொன்னது.”

சுளையை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பதில், பத்திரம், என் தகப்பனார், பாட்டனார். வரிசை மாறாமல் சொன்னேன்.

“கடுதாசி கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?”

“பதினெட்டு நாள் முந்தி.”

“அன்னைலேருந்து வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுத்திருந்தா இது கடுகளவுலேயே தெரிஞ்சிருக்கும். வெட்டி எறிஞ்சிருப்பாங்க.”

“ஆமா.”

“என் கல்யாணத்துக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா.”

“சொல்ல மாட்டேன். என் பேருக்காக எழுதினேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப உங்ககூடச் சண்ட போட்டா எனக்கு மூச்சு வாங்கும்” என்றாள். “பொழச்சு வந்து போடுதேன். நல்லாவே போடுதேன். முதல்ல போயி அந்தப் பூட்டத் தொறங்க.”

அன்று வியாழக்கிழமை. டாக்டர் சபூராவிடம் போய், பூட்டியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் தட்டின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு சொன்னார்: “நீங்க வாபஸ் வாங்கினா மட்டும் போதாது சார். மறுத்த வீட்டுக்கு மறுபடி திறக்கணும்னா தட்டோட பொறுப்பாளர் கையெழுத்துப் போடணும். இறந்தவரோட மனைவிதான் பொறுப்பாளர். நீங்க எங்கயும் தேட வேண்டாம். ரெண்டாம் மாடியில இருப்பாங்க. இங்கதான் வேலை. இன்னைக்குக் கஞ்சி ஊத்துத நாள்.”

படியேறும்போது என்ன பேசுவது என்று மனு மாதிரி ஒன்றைத் தயார் செய்தேன். அவர் மறுத்தால் காலில் விழுவது என்றும் முடிவு செய்திருந்தேன். என் முதுகு யாருக்கும் வளைந்ததில்லை. வளையுமா என்றே எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீலக் கோட்டும் நரைத்த கொண்டையுமாக ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“வாங்க சார்.”

“நான்...”

“தெரியும் சார். அவருக்கும் உங்களுக்கும் ஒரே காது. செத்த நேரம் உக்காருங்க. கஞ்சி ஊத்திட்டு வாரேன். பாதியில நிறுத்தக் கூடாது.”

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். ஒரு தட்டை வெளியே எடுத்தார். பணியாரக் கல்லைச் சுருக்கிக் கண்ணாடியில் செய்தது மாதிரி இருந்தது, வரிசை வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரோஜா நிறத்தில் ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அதைத்தான் கஞ்சி என்கிறார்கள். கை அவசரப்படவே இல்லை. தட்டின் ஓரத்தில் 27 என்று ஒட்டியிருந்தது.

“பாக்குதீங்களா?” என்று திரையைக் காட்டினார். நுரைக்குமிழி மாதிரி உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

“இதுதான் அவரக் கொன்னது. ஒம்பது வருஷமா நாந்தான் சோறு போடுதேன்.”

“உங்களுக்குக் கோபம் வந்ததில்லையா?” என்று கேட்டேன். ‘உங்களுக்கு’ என்ற சொல் என்னை அறியாமல் வந்தது.

“வராம? ஒரு நாள் வேணும்னே ஊத்தாமப் போயிட்டேன். சாவட்டும்னு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அப்புறம் திரும்பி வந்து ஊத்தினேன். இதுல அவரும் இருக்காருல்லா சார். அவரு சம்பந்தப்பட்டது இந்த உலகத்துல வேற எங்க இருக்கு எனக்கு?”

நான் தயார் செய்த மனுவைச் சொல்ல ஆரம்பித்தேன். என் தவறு, என் மகள், அவள் குழந்தை. மூன்றாம் வாக்கியத்தில் நின்றுவிட்டது. அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, அதிலிருந்து ஒரு தாளை என் முன் வைத்தார். ‘மேற்படி நபர் எமக்கு எவ்வகையிலும்...’

“இது வந்த அன்னைக்கு நான் அழுதேன் சார். அவரு வாசிச்சிட்டுச் சிரிச்சாரு. ‘எங்கண்ணன் கையெழுத்தப் பாத்தியா ஜெபா, முத்து முத்தா இருக்கு’ன்னாரு. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்ல. அப்புறம் இந்த இடத்தக் காட்டினாரு.”

விரல் வைத்த இடத்தில் பார்த்தேன். ‘நபர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சிறு மைப்பொட்டு. தாளின் பின்பக்கம் வரை ஊறியிருந்தது.

“‘அண்ணன் பேனாவ வச்சா எடுக்காம எழுதுத ஆளு. இங்க நின்னுருக்கான். ரொம்ப நேரம் நின்னுருக்கான். எனக்கு இது போதும்’னாரு.”

முப்பத்தொரு ஆண்டுகள் அடுத்தவர் கையெழுத்தில் நடுக்கம் தேடிச் சம்பளம் வாங்கினேன். என்னுடையதை அவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறான். ‘தம்பி’ என்று எழுதவந்த கையை ‘நபர்’ என்று திருப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று அந்த மை காட்டிக்கொடுத்துவிட்டது.

ஜெபக்கனி அடுத்த தாளை எடுத்தார். ‘என் அண்ணன் மகள் வடிவாம்பிகையோ அவள் வழியில் வருபவர்களோ எப்போது கேட்டாலும் இந்தத் தட்டு அவர்களுக்குத் திறக்கப்படலாம்.’ கீழே கோமதிநாயகம், கோணலும் மாணலுமாக. அவன் படுக்கையில் இருந்து போட்டது. பக்கத்தில் ஜெபக்கனி. தேதி, என் பதில் போய்ச் சேர்ந்த மறுநாள். மூன்றாவது இடம் காலியாக இருந்தது.

“எனக்கு மனசே இல்ல சார் அன்னைக்கு. ‘நீ கையெழுத்துப் போடலன்னா நான் மருந்து குடிக்க மாட்டேன்’னு அடம் பிடிச்சாரு. போட்டேன். மறுத்தவரு வந்து போட்டாத்தான் செல்லும்னு சொன்னாங்க. வருவாருன்னு இவரு சொன்னாரு. உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.”

நான் யாரிடம் இரந்து கேட்க வந்தேனோ அவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். திங்களும் வியாழனும் கஞ்சி ஊற்றிக்கொண்டு காத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே நடுங்கியது. மறைக்க முயலவில்லை.

அதன் பிறகு நடந்ததை டாக்டர் சபூராவின் குறிப்புகளில் பார்த்துக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பியின் பதியன் இந்த ஒன்பது ஆண்டுகளில் ஐந்து வாசல்களைத் திறந்து பார்த்திருந்தது. ஒவ்வொன்றையும் எது அடைக்கும், எது அடைக்காது என்று ஜெபக்கனி கைப்பட எழுதிவைத்திருந்தார். வடிவின் கட்டி அப்போது இரண்டாவது வாசலில் நின்றது. மூன்றாவதையும் நான்காவதையும் அது போய்ச் சேருமுன்பே அடைத்தார்கள். ஐந்தாவதற்கு அது போகவே இல்லை. பதினோரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை.

“பூரண குணமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

எனக்கு அது புரிந்தது. வில்லங்கச் சான்றிதழில் நாங்களும் அப்படித்தான் எழுதுவோம்: தேடிய காலத்துக்குள் வில்லங்கம் இல்லை. அதற்கு மேல் எழுதுகிறவன் பொய்யன்.

இடையில் பிரமநாயகத்தின் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கைலாஷும் இருந்தார். என் வழிநலப் பத்திரம் பொய் என்று நின்றபடியே சொன்னேன். கைலாஷ் எழுந்து உள்ளே போய்விட்டார். அது நியாயம். பிரமநாயகம் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

“எங்கப்பா கிணத்துல தவறி விழுந்து செத்தாருன்னு எழுதியிருந்தேன்லா?”

“ஆமா.”

“எங்க வீட்ல கிணறே கிடையாதுவே. சக்கரை. காலு ரெண்டையும் எடுத்து, கிட்னி போயி, மூணு வருஷம் படுக்கையில கிடந்தாரு.” கொஞ்சம் பொறுத்து, “எங்கண்ணன் பைத்தியம் பிடிச்சு ஓடிப்போனான். அவன் பேரே நான் எழுதல” என்றார்.

வெற்றிலைச் செல்லத்தை என் பக்கம் தள்ளினார்.

“முப்பத்தொரு வருஷ சர்வீஸு உமக்கு. கிணறு இருக்கான்னு ஒரு எட்டு வந்து பாத்திருக்கப்படாது?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு.

கைலாஷ் மறுவாரம் தானாகவே வந்து, குழந்தைக்குச் சோதனை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுவந்ததைச் சொன்னார். அதற்குமேல் என்னிடம் அவர் எதுவும் சொன்னதில்லை. அவருக்கு என் நன்றி.

வடிவும் வாக்கை மறக்கவில்லை. தெம்பு வந்த பிறகு ஒரு முழுக் காலை நேரம் என்னோடு சண்டை போட்டாள். இடையில் மோர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாள். நான் எதிர்வார்த்தை பேசவில்லை. அவள் கத்தக் கத்த எனக்கு நிறைவாக இருந்தது. மூச்சு வாங்கவே இல்லை அவளுக்கு.

போன மாதம் டாக்டர் சபூரா என்னைக் கூப்பிட்டார்.

“வடிவுக்கு இது உங்க வழியாத்தான் சார் வந்திருக்கு. அப்ப உங்களுக்கும் அந்தப் பிழை இருக்கணும். சோதிச்சுப் பாத்துட்டோம், இருக்கு. உங்கப்பா, தாத்தா, தம்பி எல்லாரையும் பிடிச்ச கட்டி எழுபத்திரண்டு வயசு வரை உங்களை ஏன் பிடிக்கல?”

“எங்கப்பா முகத்தப் பாத்துப் பயந்து வராம இருந்திருக்கும்” என்றாள் வடிவு.

“அந்தப் பயம் எங்க இருந்து வருதுன்னுதான் தேடணும்” என்றார் டாக்டர். “உங்க குடல்ல ஏதோ ஒண்ணு கட்டிய அடக்கி வச்சிருக்கு. துளி எடுத்து வளத்து, உங்க தம்பியோடதுக்குப் பக்கத்துக் குழியில, ஒரே கஞ்சியில வைக்கணும். உங்களோடதுல சுரக்குறது அதைக் கட்டுப்படுத்துதான்னு பாக்கணும். கேட்டுச்சுன்னா எத்தனையோ வீட்டுக்கு மருந்தாகும். கேக்காமலும் போகலாம்.”

உடனே சம்மதித்தேன். ஒரே தட்டில் இருவரை வைத்தால் அன்றே உறவு வாக்குமூலம் தர வேண்டும் என்பது விதி. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை என்னுடையதை அவனுடையதுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். நானும் அவனும் கடைசியாக எப்போது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. ஜெபக்கனி கஞ்சியைக் குழாயில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கை தட்டின் மேலே நின்றது.

“உங்க வீட்ல மூத்தவங்களுக்குப் போட்டுட்டுத்தான் மத்தவங்களுக்குப் போடணும்னு அவரு சொல்லுவாரு” என்றார். “முதல்ல உங்களுக்கு ஊத்தட்டுமா, அத்தான்?”

கணவனின் அண்ணனை எங்கள் பக்கம் அத்தான் என்பார்கள். இந்த ஒரு வருஷமாக அவர் என்னை ‘சார்’ என்றுதான் அழைத்துவந்தார்.

“அவனுக்கு ஊத்தும்மா முதல்ல” என்றேன். “இங்க அவன்தான் மூத்தவன். பத்து வருஷமா இருக்கான். நான் இன்னைக்குத்தானே வந்திருக்கேன்.”

அவர் அவனுக்கு ஊற்றினார். பிறகு எனக்கு.

படிவம் கேட்ட கேள்விக்கு விடை இது. இருபத்தேழாம் தட்டின் உரியவர் கோமதிநாயகம், எழுதுபவரின் உடன்பிறந்த தம்பி. பொறுப்பாளர் ஜெபக்கனி, எழுதுபவரின் தம்பி மனைவி; எழுதுபவர் வீட்டில் அவருக்கு இனி எந்த நேரமும் இலை உண்டு. எழுதுபவர் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நன்றியோடு எழுதியது. அடித்தல் திருத்தல் இல்லை. ‘தம்பி’ என்ற இடத்தில் மட்டும் மை ஊறியிருக்கிறது.